பழனிப் படி ஏறுகிற அம்மாவும் 600 படிக் கணக்கும்

கேள்வி – ஏப்ரல் 6

மே கடைசி வாரம் கலிபோர்னியாவில் இருக்கிற யோசமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். அப்பர் பைன்ஸ் முகாமில் மூன்று இரவு கிடைத்திருக்கிறது. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். 66 வயது, உடுமலைக்காரர். வருஷத்துக்கு இரண்டு தடவை பழனி மலைக்குப் படி வழியாகவே ஏறுகிறவர், விஞ்ச் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பையனுக்கு 9 வயது. அங்கே வெர்னல் அருவிக்கு ஏறுகிற மிஸ்ட் டிரெயில் என்ற பாதையில் 600 படிக்கு மேல் என்று போட்டிருக்கிறது. பழனியில் அதைவிடக் கூடுதல். ஆகவே அம்மா தாராளமாக வெர்னல் அருவியின் உச்சிவரை போய்விடுவார் என்பது என் கணக்கு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பதில் – ஏப்ரல் 6, இரவு 10.20

நான் மறுக்கிறேன்.

"படி" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மலையையும் நிறுக்கிறீர்கள். பழனியில் படி என்றால் ஏறக்குறைய ஒரே உயரம், அங்கங்கே மண்டபம், உட்கார நிழல். இங்கே படி என்பது பாறையைக் கொத்தியும் கல்லை அடுக்கியும் செய்தது. ஒன்று அரை அடி இருக்கும், அடுத்தது முட்டி உயரம் இருக்கும். மே கடைசி என்றால் மலைமேல் பனி உருகி மெர்செட் ஆறு முழு வேகத்தில் வருகிற காலம். 317 அடியிலிருந்து தண்ணீர் விழுகிறது. அந்தச் சாரல் படிமேல் விடாமல் அடிக்கும். தூறல் என்று நினைக்காதீர்கள், மழை. மேலே போகிற கூட்டமும் கீழே வருகிற கூட்டமும் ஒரே படியில். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஆறு.

என் யோசனை, பாலம் வரை போதும். பாதை தொடங்குகிற ஹாப்பி ஐல்ஸிலிருந்து வெர்னல் பாலத்துக்கு 0.8 மைல், 400 அடி ஏற்றம். தார் போட்ட பாதைதான், ஆனாலும் மூச்சு வாங்கும். அங்கே கழிப்பறை உண்டு, குடிதண்ணீர்க் குழாய் உண்டு, அருவியும் தெரியும். ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், 2017 மே மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அப்போது 67. அம்பாசமுத்திரத்துக்காரர், பாபநாசம் மலையெல்லாம் காலால் அளந்தவர் என்ற தைரியம் எனக்கு. அந்தக் குளிர்காலம் பனி கொட்டித் தீர்த்திருந்தது, அருவி இடி மாதிரி இருந்தது. ஏறும்போது எனக்கு முன்னால் போனார். இறங்கும்போதுதான் ஆட்டம் முடிந்தது. நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து, உயரமான படி வந்தால் உட்கார்ந்து நகர்ந்து இறங்கினார். உச்சியிலிருந்து ஹாப்பி ஐல்ஸுக்கு மொத்தமே 1.2 மைல். இரண்டரை மணி நேரம் ஆனது. ஒரு வாரம் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முட்டி போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம், அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பாலம்தான் எல்லை.

ஏப்ரல் 7, காலை

சொல்ல விட்டது. அப்பர் பைன்ஸில் தங்குகிறவர்கள் காரை எடுக்கவே வேண்டாம். முகாமிலிருந்து ஹாப்பி ஐல்ஸுக்கு நடந்தே போய்விடலாம், பூங்காவின் ஷட்டில் பஸ்ஸில் போனால் 16-வது நிறுத்தம். காரை எடுத்தால் திரும்பி வந்து இடம் தேடுவதற்குள் அம்மா பாலத்துக்குப் போய்த் திரும்பியே வந்துவிடுவார்.

ஏப்ரல் 7, மதியம்

இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர், "1.2 மைல் எல்லாம் ஒரு தூரமா, நான் தினமும் ஐந்து மைல் ஓடுகிறேன்" என்கிறார். ஓடுங்கள். அந்த 1.2 மைலில் ஆயிரம் அடி ஏறுகிறோம். ரேஞ்சர்கள் போய்வர மூன்று மணி நேரம் என்று போட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொருவரின் கோபம் மொழி சார்ந்தது. "அருவி என்று தமிழில் அழகான சொல் இருக்கும்போது ஏன் பாதிப் பேர் நீர்வீழ்ச்சி என்கிறீர்கள்?" நான் அருவி என்றுதான் எழுதியிருக்கிறேன், பார்க்கவும். நெல்லைப் பக்கத்தில் பிறந்தவன் நீர்வீழ்ச்சி என்று சொன்னால் வீட்டில் சோறு கிடையாது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அருவி என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு உடனே துண்டும் எண்ணெயும் ஞாபகம் வந்துவிடும். 2017-ல் பாலத்தில் நின்று என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எங்கே போய்க் குளிக்கறது?" குளிக்கக் கூடாது என்றதும் முகம் விழுந்துவிட்டது. "குளிக்க முடியாத அருவிக்கு இம்புட்டுத் தூரம் வந்தோமா?"

ஏப்ரல் 7, இரவு

மிஸ்ட் டிரெயிலைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டவருக்கு: மூடுபனிப் பாதை என்று எழுதாதீர்கள், அங்கே மூடுபனி எதுவும் இல்லை. சாரல் பாதை. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெயர் பேச்சு வந்ததால் இன்னொன்று. வெர்னல், அதற்கு மேலே இருக்கிற நெவாடா, இந்த இரண்டு அருவிகளின் பெயர்களும் 1851-ல் வைத்தவை. அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி மக்களைப் பிடித்து வெளியேற்ற ஒரு படை வந்தது. அதோடு வந்த லஃபாயெட் பன்னல் என்பவர் வைத்த பெயர்கள். அதற்கு முன்பே வெர்னல் அருவிக்கு இருந்த பெயர் யானோபா. சிறு மேகம் என்று பொருள் சொல்கிறார்கள். படியில் நின்று மேலே பார்த்தால் எது சரியான பெயர் என்று தெரியும்.

ஏப்ரல் 9

சாப்பாடு பற்றி நேற்றிலிருந்து ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். பாதையைப் பற்றி இவ்வளவு கேள்வி வரவில்லை.

முகாமில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு இரும்புப் பெட்டி உண்டு, கரடிப் பெட்டி. சுமார் 45 அங்குலம் அகலம், 33 அங்குலம் ஆழம், 18 அங்குலம் உயரம். உயரம்தான் கவனிக்க வேண்டியது. நம் ஆட்கள் கொண்டுவருகிற பெரிய ஐஸ் பெட்டி நிமிர்ந்து நிற்காது, வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். சாப்பாடு எல்லாம் அதற்குள். சாப்பாடு என்றால் வாசனை உள்ள எல்லாமே. பற்பசை, சோப்பு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், குழந்தைக்குப் போடுகிற பவுடர், காலி டிபன் பாக்ஸ் உள்பட. இரவில் காரிலும் எதையும் விடக் கூடாது. கரடி கார்க் கதவைத் தகர டப்பா மூடி மாதிரி மடக்கிவிடும்.

2021-ல் நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன் என்று நிம்மதியாகக் கூடாரத்துக்குள் படுத்துவிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு மனைவி எழுப்பி, "பெருங்காய டப்பா எங்கே?" என்றாள். கார்க் கதவுப் பையில். வருகிற வழியில் மோரில் போட எடுத்தது அங்கேயே இருந்துவிட்டது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, செருப்பைத் தேடி, இருட்டில் போய் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். கரடி பெருங்காயத்துக்கு வருமா என்று கேட்காதீர்கள், கலிபோர்னியக் கரடிக்கு ரசம் பழக்கமா என்று சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

என்ன கொண்டுபோவது? புளியோதரை, அடுத்த நாள் மாலைவரை நிற்கும். எலுமிச்சை சாதம் மதியத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் மலைமேல் உட்கார்ந்து சாப்பிட. தயிர்சாதத்தைப் பாலில் பிசைந்து எடுத்துப்போனால் இரண்டாவது நாள் அங்கே வருகிற ருசி வீட்டில் வராது. தாளிப்பதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். முகாமில் கடுகு வெடித்தால் பக்கத்துக் கூடாரத்துக்காரர் முதலில் இருமுவார், அப்புறம் தட்டோடு வருவார். எங்களுக்கு இரண்டும் நடந்தது.

விறகு மூட்டுவதற்கு நேரம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரைதான்.

ஏப்ரல் 10

"பழுப்புக் கரடியைப் பார்த்தேன், கிரிஸ்லியா?" என்று கேட்டவருக்கு: இல்லை. கலிபோர்னியாவில் கிரிஸ்லி 1920-களிலேயே அற்றுப்போய்விட்டது, மாநிலக் கொடியில் மட்டும் நிற்கிறது. யோசமிட்டியில் இருப்பது கருங்கரடி இனம், நிறம் பழுப்பாகவும் இருக்கும். பயப்பட வேண்டியது நாம் அல்ல, கரடிதான், நம்மைப் பார்த்து. கார் மோதிச் சாகிற கரடிகள் உண்டு. சாலையோரத்தில் சிவப்புக் கரடி படம் போட்ட பலகை நின்றால் அங்கே கரடி அடிபட்டது என்று பொருள். வேகத்தைக் குறையுங்கள்.

உண்மையான கொள்ளைக்காரன் அணில். வெர்னல் உச்சியில் பை ஜிப்பைத் திறந்து சப்பாத்தி எடுக்கத் தெரிந்த அணில்கள் இருக்கின்றன. முதுகில் மூன்று கோடு இல்லை, ராமர் தடவாத அணில், அதனால் இரக்கம் காட்ட வேண்டாம். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றமும்கூட.

ஏப்ரல் 12

சாரல் பாதை வேண்டாம் என்றால் அம்மாவை வேறு எங்கே கூட்டிப்போவது என்பதற்கு.

மிரர் லேக். முகாமிலிருந்து நடக்கிற தூரம். ஏரிக்கு மட்டும் போய்வந்தால் 2 மைல், ஏற்றம் 100 அடிதான். ஏரி என்று பெயர், உண்மையில் டெனாயா ஓடை கொஞ்சம் விரிந்து நிற்கிற இடம். மே மாதம் தண்ணீர் இருக்கும், ஹாஃப் டோம் என்கிற பெரிய பாறை மலை அதில் தலைகீழாகத் தெரியும். செப்டம்பரில் போனால் மணல். பெயரை நம்பிப் போன ஒரு நண்பர் குடும்பம் மணலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தது.

கீழ் யோசமிட்டி அருவி, ஒரு மைல் சுற்று, பெரும்பாலும் சமதளம். யோசமிட்டி அருவியின் மூன்று அடுக்கும் சேர்த்து 2,425 அடி. மே மாதம் போகாமல் விட்டால் பாவம். 2021 செப்டம்பரில் நான் போனபோது ஒரு சொட்டு இல்லை, காய்ந்த சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம். வெர்னல் அப்படியில்லை, வருஷம் முழுக்க ஓடும், மெர்செட் ஆற்றின் அருவி அது.

ஃபோர் மைல் டிரெயிலைச் சிபாரிசு செய்தவர் தயவுசெய்து பெயரை நம்பிச் செய்யாதீர்கள். ஒரு வழிக்கு 4.8 மைல், 3,200 அடி ஏற்றம். பாதையை மாற்றிப் போட்டபோது நீளம் கூடியது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. நம் ஊரில் "இந்தா இந்த முக்குல" என்று வழி சொல்கிற பெரியவர் வைத்த பெயர் மாதிரி.

ஏப்ரல் 15, காலை 7.30

கேள்விக்குச் சம்பந்தமில்லாத சந்தோஷச் செய்தி. ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதி காலை 7 மணிக்கு நான்கு முதல் ஐந்து மாதம் தள்ளி உள்ள நாட்களுக்கு முகாம் பதிவு திறக்கும். இன்று திறந்தது ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 14 வரை. நான் ஒரு கணினி, மனைவி ஒன்று, பெண் தன் ஃபோனில். ஆறு ஐம்பத்தொன்பதுக்கு மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெண்ணுக்குக் கிடைத்தது. அப்பர் பைன்ஸ், செப்டம்பர் இரண்டாவது வாரம், இரண்டு இரவு. எனக்கு "வேறொருவர் எடுத்துவிட்டார்" என்று வந்தது. அந்த வேறொருவர் என் பெண்தானா என்று இன்னும் தெரியவில்லை.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விசா இருக்கிறது, அவர்களையும் வரச் சொல்லப்போகிறேன். பாலம் வரை.

ஏப்ரல் 15, இரவு 11

மேலே ஏப்ரல் 6-ம் தேதி எழுதியதில் ஒரு பெரிய தவறு. அழிக்கவில்லை, இங்கே திருத்துகிறேன்.

அப்பாவுக்கு ஃபோன் போட்டு செப்டம்பர் பயணத்தைச் சொன்னேன். "உங்களுக்கு முட்டி வலி இருக்கிறதால் பாலம் வரைக்கும் போதும்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எனக்கு எங்கேடா முட்டி வலி?"

"2017-ல் ஒரு வாரம் சுவரைப் பிடிச்சு நடந்தீங்களே?"

"அது கட்டைவிரல் நகம்."

கேமராவைத் திருப்பி வலது காலைக் காட்டினார். அந்த நகம் இன்னமும் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அன்றைக்கு இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் விரல் ஷூ முனையில் போய் இடித்திருக்கிறது. நகம் கறுத்து, ஊருக்குப் போன பிறகு ஒரு மாதத்தில் விழுந்திருக்கிறது. நண்டு நடை நடந்ததும் உட்கார்ந்து இறங்கியதும் அதனால். முட்டி அல்ல.

ஷூ நான் வாங்கிக் கொடுத்தது. தள்ளுபடியில். அவர் செருப்பு எட்டாம் நம்பர், அதனால் ஷூவும் எட்டு என்று நானே முடிவு செய்து வாங்கினேன். போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. அதை அவர் முதன்முதலாகப் போட்டதே அன்று காலை முகாமில்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"ஆசையா வாங்கிக் கொடுத்திருக்கே, அதைப் போய் எப்படிச் சொல்றது?"

ஆக, இத்தனை வருஷமாக ஒரு நகத்தை வைத்து அறுபது தாண்டிய எல்லோருக்கும் சட்டம் போட்டிருக்கிறேன். மாமியாரை 2019-ல் பாலத்தோடு திருப்பி அழைத்து வந்தேன். அவர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

ஏப்ரல் 16

சரி, ஷூ. இறங்கும்போது உடம்பு எடை முழுக்கக் காலை முன்னால் தள்ளும். விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவே பெருவிரல் அகலம் இடம் வேண்டும். சாயங்காலத்தில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது கடைக்குப் போய், மலைக்குப் போடுகிற அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் கால் முன்னால் சறுக்காது. இவ்வளவுதான். இது 2017-ல் எனக்குத் தெரிந்திருந்தால் இந்த இழையில் பாதி இருந்திருக்காது.

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: அம்மா பழனிக்கு வெறுங்காலோடு ஏறுகிறவராம், ஷூ போட்டதே இல்லையாம். இப்போதே வாங்கி வீட்டுக்குள் போட்டு நடக்கவிடுங்கள். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

முட்டி ஒரு விஷயமே இல்லை என்று சொல்லவில்லை. ஈரக்கல்லும் வழுக்கலும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் "போகாதே" என்பதற்கு நான் சொன்ன காரணம் பொய்யாகிவிட்டது. அதை மறைத்துவிட்டு அதே முடிவைப் பிடித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

ஏப்ரல் 20

யோசித்துப் பார்த்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன்.

காலை ஏழு மணிக்குள் ஹாப்பி ஐல்ஸ். அங்கே ஒரு பலகை இருக்கிறது, பாலம், வெர்னல், நெவாடா என்று வரிசையாகப் போட்டுக் கடைசியில் மவுண்ட் விட்னி 211 மைல் என்றிருக்கும். ஜான் மியூர் டிரெயில் அங்கேதான் தொடங்குகிறது. பையனை அந்தப் பலகை பக்கத்தில் நிறுத்தி ஃபோட்டோ எடுக்காத தமிழ்க் குடும்பம் இல்லை. பாலத்தைத் தாண்டியதும் பாதை பிரியும், இடது பக்கம் சாரல் பாதை. அதில் ஏறுங்கள். காலையில் கூட்டம் குறைவு, எதிரே இறங்கி வருகிறவர்களும் அநேகமாக இருக்கமாட்டார்கள். உச்சியை ஒட்டிப் பாறையில் வெட்டிய குறுகலான இடம் வரும், கம்பி போட்டிருக்கும். அம்மா உள்பக்கம், நீங்கள் வெளிப்பக்கம்.

மேலே சப்பாத்தி சாப்பிட்டதும் வந்த வழியே இறங்கக் கூடாது. இதுதான் முக்கியம். அங்கிருந்து கிளார்க் பாயின்ட்டுக்கு இன்னும் 400 அடிக்கு மேல் ஏறி, ஜான் மியூர் டிரெயிலைப் பிடித்து, அது வழியாகப் பாலத்துக்கு வந்துவிடுங்கள். கூடுதல் ஏற்றம், கூடுதல் தூரம், மொத்தச் சுற்று நான்கு மைல் அளவில் வரும். ஆனால் இறக்கம் முழுக்க வளைந்து வளைந்து போகிற மண் பாதை, முட்டி உயரப் படி கிடையாது, ஈரம் கிடையாது. கோவேறு கழுதைச் சாணம் உண்டு, அது வழுக்காது. கிளார்க் பாயின்ட் பக்கத்திலிருந்து நெவாடா அருவி தெரியும், 594 அடி. அந்தக் காட்சிக்காகவே ஏறலாம்.

"அம்மாவை இன்னும் 400 அடி ஏறச் சொல்கிறீர்களே, போன வாரம் பாலத்தைத் தாண்டாதே என்றீர்களே?" என்று கேட்பீர்கள். ஆமாம். ஏறுவதில் பழனிக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை என்ற உங்கள் கணக்கு சரி. நீங்கள் ஏறுகிற படியை மட்டும் எண்ணினீர்கள், நான் நகத்தை முட்டி என்று எண்ணினேன்.

ஏப்ரல் 21

சேலை பற்றிக் கேட்ட சகோதரிக்கு. நனைந்த பருத்திச் சேலை காலைச் சுற்றும், கனமும் ஆகும். சுடிதார் பழக்கமில்லை என்று அம்மாக்கள் சொல்வார்கள். என் அம்மா சேலையை மடித்துக் கட்டி மேலே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த குடையையும் விரித்தார். சாரல் பக்கவாட்டில் வரும், காற்றோடு வரும். குடை இரண்டே நிமிஷத்தில் கிண்ணமாகத் திரும்பிவிட்டது.

மே 2

பையனை ஹாஃப் டோமுக்கே கூட்டிப்போனால் என்ன என்று ஒருவர் உசுப்பிவிடுகிறார். வேண்டாம். போய்வர 14 முதல் 16 மைல், 4,800 அடி ஏற்றம், கடைசி 400 அடி இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கயிறு 1919-ல் போட்டது. இப்போது பர்மிட் இல்லாமல் ஏற முடியாது, நாளுக்கு சுமார் 300 பேர், குலுக்கல். முன்பதிவுக் குலுக்கல் மார்ச்சிலேயே முடிந்துவிடும், மீதி இடங்களுக்கு இரண்டு நாள் முன்னால் விண்ணப்பிக்கிற குலுக்கல் உண்டு. எனக்கு மூன்று வருஷமாக விழவில்லை.

பையனிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு. வெர்னல் உச்சிக்குக் கொஞ்சம் மேலே எமரால்ட் பூல் என்று பச்சையாக, அமைதியாக, "வா வா" என்று கூப்பிடுகிற குளம் ஒன்று இருக்கிறது. இறங்கத் தடை. ஆறும் அப்படித்தான், கரையில் பார்த்தால் முட்டியளவு தண்ணீர் மாதிரி இருக்கும். 2011 ஜூலையில் உச்சியில் கம்பித் தடுப்பைத் தாண்டி ஆற்றுக்குள் போன மூன்று பேர் அடித்துக்கொண்டு போகப்பட்டு இறந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு காலைக்கூட வைக்கவிடாதீர்கள், ஃபோட்டோவுக்காகவும்.

மே 3

எல்லோரும் அமைதியாகிவிட்டீர்கள். பயமுறுத்த எழுதவில்லை. வெயில் ஏறினால் அந்தப் படியில் வானவில் வரும், காலுக்குக் கீழேயே. அதையும் எழுதியிருக்க வேண்டும்.

மே 21

கிளம்புகிறவருக்குக் கடைசிக் குறிப்பு. ராத்திரி 40 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் இறங்கும். அம்மாவுக்குக் குரங்குக் குல்லா, இரண்டு கம்பளி. ஃபோனுக்கு பிளாஸ்டிக் உறை. மலையில் சிக்னலை நம்பவேண்டாம், யார் எங்கே காத்திருப்பது என்பதைக் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். பாதை ஏதாவது அடைத்திருக்கிறார்களா என்று முந்தின நாள் ரேஞ்சரிடம் கேளுங்கள். நெடுஞ்சாலை 120-ல் போனால் ஓல்ட் பிரீஸ்ட் கிரேடு என்கிற செங்குத்தான பழைய சாலை வேண்டாம், புதுப் பாதையில் வளைந்தே போங்கள். அம்மாவுக்கு வாந்தி வருமென்றால் எலுமிச்சம்பழம் கையில் கொடுங்கள்.

ஜூன் 2

கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்திருக்கிறார். நேற்று ராத்திரி நீளமாக எழுதியிருந்தார், சுருக்கிப் போடுகிறேன்.

ஏழு மணிக்குக் கிளம்பவில்லை, எட்டே கால். அம்மா காபி இல்லாமல் கிளம்பமாட்டேன் என்றுவிட்டார். பாலத்துக்கு முக்கால் மணி நேரம். அம்மாவுக்கு மூச்சு வாங்கவில்லை, இவருக்கு வாங்கியது. மருமகளின் சுடிதார், ஆறு வாரம் வீட்டுக்குள் பழகிய ஷூ. படி ஏறத் தொடங்கி, சாரல் நன்றாக அடிக்கிற இடத்துக்கு வந்ததும் அம்மா நின்றுவிட்டார். பாறைப் பக்கமாகக் கொஞ்சம் அகலமான இடம். மழைக்கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, அருவியைப் பார்த்து முகத்தைக் காட்டிக்கொண்டு, பத்து நிமிஷம் அப்படியே. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஏறுகிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே சுற்றிப் போகிறார்கள். பேரனும் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றுவிட்டான்.

அப்புறம் அம்மா சொன்னாராம்: "குளிச்சாச்சு. இன்னும் மேல எதுக்கு?"

அப்படியே திரும்பி இறங்கி, பாலத்துக்கு வந்து, துவட்டிக்கொண்டு, புளியோதரை சாப்பிட்டிருக்கிறார்கள். உச்சி இல்லை, கிளார்க் பாயின்ட் இல்லை, நெவாடா இல்லை. ஏப்ரல் 20-ம் தேதித் திட்டம் யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், உபயோகிக்காமல் அப்படியே இருக்கிறது.

ஜூன் 2, பிறகு

இதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நான் அன்னைக்கே கேட்டேனே, எங்கே குளிக்கறதுன்னு. நீதானே கிடையாதுன்னே" என்றார்.

ஜூன் 9

அப்பா அம்பையிலேயே கடைக்குப் போய், சாயங்காலம், காலுறையோடு போட்டுப் பார்த்து ஷூ வாங்கியிருக்கிறார். ஒன்பதாம் நம்பர். தினமும் ஆறு மணிக்கு மாடிப்படியில் ஏறி இறங்குகிறாராம். இறங்குவதை மட்டும் வீடியோ எடுத்து அனுப்புகிறார்.